சிப்பிக்காளானும் சர்க்கரை வியாதியும்

வல்லக்கோட்டையில் ஏழடி உயரம் ஓங்கி நிற்கும் முருகப் பெருமானைத் தரிசித்துவிட்டு ஒரகடம் சாலைக்கு வருகிறவர்கள், தொழிற்சாலைப் பேருந்துகள் இரவு பகல் பேதமின்றி ஆட்களை ஏற்றியும் இறக்கியும் செல்வதைக் காணலாம். ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு என்று ஷிப்டு மாறி உழைக்கும் சரீரத்தில் உறக்கமும் பசியும் முறை தவறுகின்றன. முறை தவறிய சரீரத்தைச் சர்க்கரை வியாதி எளிதில் பற்றுகிறது. நம் தேசத்தில் இவ்வியாதியஸ்தர்கள் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் என்று 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆகவே, ‘காளான் சாப்பிட்டால் சர்க்கரை இறங்குமாமே?’ என்று ஆவலோடு கேட்கிற தொழிலாளிக்கு நிதானமான விடையொன்று சொல்வது அவசியமாகிறது.

காளானைத் தேடி வனாந்தரம் போகவேண்டியதில்லை. அறுவடைக்குப் பின் களத்தில் கிடக்கும் வைக்கோலே போதும். அதைத் துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, பிழிந்தால் கையில் நீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, பாலிதீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு வித்து என்று நிரப்பிக் குடிசையில் தொங்கவிட்டால், பதினைந்து இருபது நாளில் பை முழுவதும் பஞ்சு போர்த்தாற்போல் வெளுத்துவிடுகிறது. பிறகு துளைகளின் வழியே குண்டூசித் தலை போன்ற மொட்டுகள் எட்டிப் பார்த்து, மூன்றே நாளில் சிப்பி சிப்பியாக விரிகின்றன. கோடை வெக்கையில் சிப்பிக்காளான் சோர்ந்துவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே 2 என்ற பால்காளானோ அந்த வெக்கையிலேதான் செழிக்கிறது.

காளானில் மாவுச்சத்து சொற்பம். பீட்டா குளூக்கான் முதலிய நார்ச்சத்துகள் உண்டு. உணவின் சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கக்கூடியவை இவை.

இதை மனிதரிடத்திலேயே பரீட்சித்தவர்கள் வங்கதேசத்து மருத்துவர்கள். டாக்கா மருத்துவமனையொன்றில் 89 நீரிழிவு நோயாளிகளுக்கு ஏழு நாள் சிப்பிக்காளான் கொடுத்தார்கள். அடுத்த ஏழு நாள் நிறுத்தினார்கள். பின்னும் ஏழு நாள் கொடுத்தார்கள். உண்ட நாட்களில் இரத்தச் சர்க்கரையும் கொலஸ்டிராலும் இறங்கின, நிறுத்தியதும் ஏறின. 2007-இல் வெளிவந்த இம்முடிவைப் படிக்கும்போது, நடுவாரத்து அந்த ஏற்றத்தையே நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். உண்ணும் நாள் வரையில்தான் பலன். வியாதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூன்று வாரச் சோதனை ஆயுட்காலச் சிகிச்சைக்குப் பிரமாணமுமாகாது.

ரெய்ஷி என்ற பெயரில் மாத்திரையாகவும் காப்பித் தூளாகவும் விற்கப்படும் காளானின் கதை வேறு. அது கானோடெர்மா இனம். 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சை ஜில்லாவின் தென்னைகளை அடித்தண்டிலேயே அழுகச் செய்த வாடல் நோய்க்குக் காரணமான அதே இனம். சீன வைத்தியத்தில் அதற்குத் தொன்றுதொட்ட மதிப்புண்டு. ஆனால் 398 பேரிடம் நடந்த ஐந்து பரிசோதனைகளை 2015-இல் சீர்தூக்கிய காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள், சர்க்கரை நோயாளிகளின் இருதய நலத்துக்காக அதைப் பிரயோகிப்பதற்கு ஆதாரமில்லை என்றே கூறினர். அதை நம்பி, மருத்துவர் எழுதிக்கொடுத்த மெட்பார்மின் மாத்திரையை நிறுத்துவது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதே.

மாத்திரையை மாத்திரையாக விழுங்கிக்கொண்டு, சோற்றில் ஒரு பிடி குறைத்து, அவ்விடத்தில் மிளகும் சீரகமும் இட்டு வதக்கிய காளானைப் பரிமாறிக்கொள்ளலாம். இரவு ஷிப்டுக்குப் போகிறவர் பகலில் பறித்ததையே டப்பாவில் எடுத்துப் போகட்டும். பறித்ததைப் பாலிதீனில் இறுக மூடினால் வியர்த்துக் குழைந்துவிடும், சமைக்கும் வரையில் மெல்லிய துணியில் பரப்பி வைப்பது நலம்.