இன்னோவாவுக்கும் லம்போர்கினிக்கும் ஒரே கட்டணம்... அப்புறம் ஏன் பிரீமியம் எகிறுது?

‘ஸ்பீடா ஓட்டவே மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் வண்டியை வெளியே எடுப்பேன். எனக்கு எதுக்கு இவ்ளோ பிரீமியம்?’ ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் வழக்கமான புலம்பல் இது. இதில் நியாயம் இருக்கிறதா? பாலிசியைப் பிரித்துப் பார்ப்போம்.

இங்கே பாகுபாடு இல்லை

கார் காப்பீட்டில் இரண்டு பாகம் உண்டு. முதலாவது ‘தேர்டு பார்ட்டி’. நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கானது, சட்டப்படி கட்டாயம். இதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த பட்டியலின்படி, 1000 சிசி வரை ஆண்டுக்கு ரூ.2,094, 1500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. அதாவது, 1500 சிசியைத் தாண்டிவிட்டால் டீசல் இன்னோவா கிரிஸ்டாவும் லம்போர்கினியும் ஒன்றுதான்!

எகிறுவது எங்கே?

இரண்டாவது பாகமான ‘ஓன் டேமேஜ்’தான் காரணம். விபத்திலோ திருட்டிலோ நம் வண்டிக்கு வரும் இழப்புக்கானது இது. வண்டியின் இன்றைய மதிப்பை, அதாவது ‘ஐடிவி’யை வைத்துக் கணக்கிடுவார்கள். உதாரணத்துக்கு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 8 லட்ச ரூபாய் காருக்கு ரூ.24,000, 80 லட்ச ரூபாய் காருக்கு ரூ.2,40,000.

செலவு விலையோடு நிற்பதில்லை. சாதாரண காரின் கதவு ஒடுங்கினால் தட்டி நிமிர்த்திவிடலாம். கார்பன் ஃபைபர் பாகம் உடைந்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். அதையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். இந்த வகை கார்கள் எண்ணிக்கையிலும் குறைவு. ஒரு பெரிய விபத்தின் செலவைப் பகிர்ந்துகொள்ள ஆட்கள் கம்மி.

‘நான் நல்லாத்தானே ஓட்டுறேன்?’

பிரிட்டனில் ஓட்டுநரின் வயதும் விபத்து வரலாறும் பிரீமியத்தை நேரடியாக மாற்றும். இந்தியாவில் பெரும்பாலும் வண்டியைத்தான் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநரின் ஆதங்கத்தில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். இதற்குத் தீர்வாக, ஓட்டும் தூரம், ஓட்டும் விதத்தைப் பொறுத்துக் கட்டணம் வசூலிக்கும் திட்டங்களுக்கு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2022 ஜூலையில் அனுமதி அளித்தது. புதுப்பிக்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

க்ளெய்ம் செய்யாமல் இருந்தால் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ உண்டு. முதல் ஆண்டில் 20 சதவீதம், தொடர்ந்து ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் வரை ஓன் டேமேஜ் பிரீமியம் குறையும். இது வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்கான சலுகை. எனவே புதிய காருக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

இதை மட்டும் செய்யாதீங்க

பிரீமியத்தைக் குறைக்க ஐடிவியைக் குறைத்துக் காட்டுவது ஆபத்து. மேலே சொன்ன 80 லட்ச ரூபாய் காரை 70 லட்சம் என்று குறிப்பிட்டால் ரூ.30,000 மிச்சமாகும். கார் திருடு போனாலோ, பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டி ‘முழு இழப்பு’ ஆனாலோ, 10 லட்சம் கையை விட்டுப் போகும். அடுத்த முறை பாலிசி வந்தால், மொத்தத் தொகைக்கு முன் ஐடிவி என்ன என்று பாருங்கள்.