ஒரே கணிப்பொறி, இரண்டு வயல்

நடவு முடிந்த நேரத்தில் தஞ்சைப் பக்கத்து வயல்வெளிக்குப் போயிருக்கிறீர்களா? பல இடங்களில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயலில் நிறைந்த நீர், வரப்பில் வெட்டிய மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கும். மேல் வயல்காரர் யூரியா தூவிவிட்டு மடையை அடைக்க மறந்தால் என்ன ஆகும்? உரத்தில் ஒரு பங்கு பக்கத்து வயலுக்குப் போய்விடும். அவர் மனமறிந்து கொடுத்ததன்று. நீர் எடுத்துச் சென்றது.

கணிப்பொறியிலும் இப்படி ஒரு மடை உண்டு. அதை நான் தெரிந்துகொண்டது வகுப்பறையில்தான். ஒருநாள் என் மடிக்கணிப்பொறியைப் புரொஜெக்டருடன் இணைத்து, புவியீர்ப்பு பற்றிய படம் ஒன்றைத் தேடுவதற்காகப் “பு” என்று தட்டினேன். உடனே திரையில் “புற்றுநோய் அறுவைக்குப் பின் முதியவர் உணவு” என்று வந்து நின்றது. முதல்நாள் இரவு வீட்டில் நான் தேடிய வரி அது. அறுபது பேர் படித்தார்கள். வகுப்பு முடிந்து ஒரு மாணவி மட்டும் தயங்கி நின்று, “வீட்டில் யாருக்கு சார்?” என்று கேட்டாள். என் தந்தைக்கு என்றேன். அவர் செய்தியை வகுப்புக்குச் சொல்ல நான் நினைத்திருக்கவில்லை.

கணிப்பொறிக்கு மனத்தைப் படிக்கத் தெரியாது. பிரவுசர் என்று சொல்கிறோமே, அந்த உலாவி சில ஏடுகளை வைத்திருக்கிறது. பார்த்த பக்கங்களுக்கும் தேடிய சொற்களுக்கும் ஓர் ஏடு. கடவுச்சொற்களுக்கு ஓர் ஏடு. குக்கிகளுக்கு ஓர் ஏடு. இவற்றுள் சுவையானது குக்கிதான்.

இணையப் பக்கங்களை அனுப்பும் ஹெச்.டி.டி.பி. முறை இயல்பிலேயே மறதி உடையது. ஒரு பக்கம் கேட்டால் அனுப்பிவிடும்; அடுத்த பக்கம் கேட்கும்போது நீங்கள் அதற்குப் புது ஆள். இந்த மறதியோடு இணையத்தில் கடை நடத்த முடியுமா? கூடையில் புத்தகத்தைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால், கூடை யாருடையது என்றே தெரியாது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டூலி என்ற பொறியாளர் ஒரு வழி கண்டார். தளம் ஒரு சிறு சீட்டை உங்கள் உலாவியிடம் கொடுக்கும்; மறுமுறை உலாவி அதைத் திருப்பிக் காட்டும். சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் போலத்தான். ஸ்டாண்டுக்காரர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, டோக்கனைப் பார்க்கிறார் அல்லவா? தளமும் அப்படியே. உங்கள் அண்ணன் திறந்து வைத்துவிட்டுப் போன அஞ்சலை நீங்கள் திறந்தால், அதற்கு நீங்கள்தான் அண்ணன்! அவர் பெயரிலேயே உங்கள் கடிதம் போய்ச் சேரும்.

இதற்கு வரப்பு கட்டுவது எளிது. இன்றைய உலாவிகளில் “புரொஃபைல்” என்றொரு வசதி இருக்கிறது. மாயம் ஒன்றுமில்லை, கணிப்பொறியின் நினைவகத்தில் அது ஒரு தனி உறை. ஏடுகள் எல்லாம் அந்த உறைக்குள் புதிதாகத் தொடங்கும். செய்து பாருங்கள்: குரோம் உலாவியின் வலது மேல் மூலையிலுள்ள வட்டப் படத்தை அழுத்தி, கணக்கு எதையும் சேர்க்காமல் புது புரொஃபைல் ஒன்று உண்டாக்குங்கள். வழக்கமாகக் கடவுச்சொல் கேட்காமல் திறக்கும் அஞ்சலை அதில் திறங்கள். உங்களைக் கண்டறியாதது போல் கடவுச்சொல் கேட்கும். கணிப்பொறி அதே, இணைப்பு அதே. சீட்டு மட்டும் இல்லை.

ஃபயர்ஃபாக்ஸில் “கன்டெய்னர்” என்ற வேறொரு வசதியும் உண்டு. அது குக்கிகளைப் பிரிக்கும். பார்த்த பக்கங்களின் ஏட்டைப் பிரிக்காது. என் அவமானம் அந்த ஏட்டிலிருந்து வந்தது ஆகையால் எனக்கு அது உதவாது.

“இன்காக்னிட்டோ போதாதா?” என்பீர்கள். அது அறுவடையானதும் கலைத்துவிடும் வரப்பு. சாளரங்களை மூடியதும் குக்கிகளும் ஏடும் அழியும். இறக்கி வைத்த கோப்பு அழியாது. நீங்கள் எங்கே போனீர்கள் என்பதையும் அது இணைப்பு தருபவரிடம் மறைக்காது. கல்லணையில் ஒரே நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வெள்ளம் கொள்ளிடத்தில் போகிறது. ஷட்டரைத் திறக்கும் லஸ்கருக்கு எந்த ஆற்றில் எவ்வளவு நீர் போயிற்று என்று தெரியும். எந்த வயலில் எந்த விதை என்று தெரியாது. இணைப்பு தருபவர் நிலையும் ஏறக்குறைய இதுதான். தளத்தின் பெயர் அவருக்குப் பெரும்பாலும் தெரியும். பூட்டுக் குறியுள்ள தளமானால் உள்ளே படித்தது தெரியாது.

புரொஃபைலுக்கும் ஒரு குறை உண்டு. வரப்பைத் தாண்ட ஒரு கால் போதுமே! விசைப்பலகை முன் உட்காரும் யாரும் ஒரே அழுத்தில் அடுத்த புரொஃபைலுக்குப் போய்விடலாம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த ஒரு பொறியை வீட்டில் நால்வர் பயன்படுத்தினால், ஆளுக்கொரு பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டும். இது பழைய ஏற்பாடு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1961-இலேயே ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் ஒரே பொறியைப் பலர் பகிரும் முறையைக் காட்டினார்கள். பின்னர் ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். ஒருநாள் அங்கே ஒரு வேடிக்கை. அன்றைய அறிவிப்பும் கடவுச்சொல் பட்டியலும் தற்செயலாக இடம் மாறிவிட்டன. உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் எல்லாருடைய கடவுச்சொல்லும் வரவேற்புச் செய்தியாக வந்தது!

என் பொறியில் இப்போது கல்லூரிக்குப் பச்சை நிறப் புரொஃபைல், வீட்டுக்கு மஞ்சள். வகுப்பில் “பு” என்று தட்டினால் புவியீர்ப்புதான் வருகிறது. மஞ்சளில் தட்டினால் இன்னும் அந்தப் பழைய வரிதான். தந்தை தேறி வயலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஆனாலும் அதை நான் அழிக்கவில்லை.