லொட லொட கத்தி!

'லொட... லொட... லொட...'

இந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் அப்பா எழுந்துவிட்டார் என்று அர்த்தம். சத்தம் வாசல் பக்கம் நகர்ந்தால் டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள். "இந்தாங்க... சக்கரை போடாம குடிங்க!"

சத்தம் அப்பாவின் முழங்காலிலிருந்து வரவில்லை. சட்டைப் பையில் இருக்கும் மடக்குக் கத்தியிலிருந்து வருகிறது.

1989-ல், நான் பிறந்த வருஷம், காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் எங்கள் வீட்டுத் தறியையும் ஒரு மணி நேரம் நின்று பார்த்தாராம். போகும்போது அப்பா கையில் சிவப்புக் கத்தியைத் திணித்துவிட்டுப் போய்விட்டார். சுவிஸ் கத்தி! இரண்டு பிளேடு, கார்க் திருகி, டப்பா திறப்பான், பல் குத்தும் குச்சி, ஒரு குட்டிக் கத்தரி. கார்க் திருகிக்கு எங்கள் தெருவில் என்ன வேலை? ஆனால் கத்தரி அப்பாவுக்கு உயிர். முப்பது வருஷத்துக்கு மேல் அதைத் தறித் தூணில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு, மிச்ச வாலை அந்தக் கத்தரியால்தான் கிள்ளுவார்.

இரண்டு வருஷமாக அப்பாவுக்குக் கை நடுக்கம். தறியைப் பிரித்துப் பரணில் போட்டாயிற்று. கத்தி மட்டும் தூணிலிருந்து சட்டைப் பைக்குக் குடிவந்தது. போன மாசம் முதல் இந்த லொட லொட.

அடியேன் பி.காம். கணக்கில் பத்து ரூபாய் உதைத்தால் ராத்திரி தூக்கம் வராத ஜாதி. கத்தியை எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் ஒரு சாணை பிடிப்பவரிடம் போனேன். வாங்கினார். காதருகே வைத்து ஒரு தடவை ஆட்டினார். "ரிவிட்டு லூஸ் சார்" என்றார். இரும்புக் கட்டையில் வைத்து 'ணங் ணங்' என்று நாலு போடு. ஐம்பது ரூபாய்.

வீட்டுக்கு வந்து திறந்தால்... திறக்கவில்லை! என் கட்டைவிரல் நகம்தான் பெயர்ந்தது. ஆட்டிப் பார்த்தேன். லொட லொட அப்படியே இருக்கிறது!

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. சாதாரண மடக்குக் கத்தியில் பெரும்பாலும் ரிவிட்டுதான் குற்றவாளி. பிளேடைத் திறந்து பிடித்துக்கொண்டு இடம், வலம் அசைத்துப் பாருங்கள். ஆடினால், ரிவிட்டு தேய்ந்திருக்கிறது. அடியில் கெட்டியாக முட்டுக் கொடுத்து, ரிவிட்டின் தலையைச் சின்னச் சுத்தியால் மெதுவாகத் தட்டினால் தலை அகன்று இறுக்கிப் பிடிக்கும். தட்டும்போது பிளேடுக்கும் பக்கத் தகடுக்கும் நடுவில் மெல்லிய தாள் துண்டு வைப்பது நல்லது. பிறகு தாளை உருவிவிட்டால் பிளேடு மடங்க இடம் இருக்கும். ரெண்டு தட்டு, ஒரு தடவை மடக்கிப் பார்ப்பது, மறுபடி ரெண்டு தட்டு. இறுக்குவது சுலபம், தளர்த்துவது மகா கஷ்டம். (கல்யாணமான ஆண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

பிளேடு பக்கவாட்டில் ஆடாமல், மடக்கும்போது மட்டும் தொளதொளவென்று விழுந்தால் அது முதுகு வில்லின் கோளாறு. அப்படிப்பட்ட கத்தியைத் தூரப் போடுங்கள். வேலையின் நடுவே விரல் மேலேயே மடங்கும்.

சத்தம் போடும் கத்தி என்றால் உத்தரப் பிரதேசத்து ராம்பூர் கத்தி. சினிமா வில்லன்கள் 'டக்'கென்று திறப்பார்களே, அதேதான். அந்த ஊரில் 2023-ல் இருபது அடி நீளத்துக்கு ஒரு கத்தியையே செய்து நாற்சந்தியில் நிறுத்தியிருக்கிறார்கள். அதில் ரிவிட்டு லூஸானால் யார் தட்டுவது என்று தெரியவில்லை.

நம் கத்திக்கு வருவோம். வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, மூட்டுகளில் தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, டி.வி. பார்த்தபடியே நூறு தடவை திறந்து மூடினேன். (தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகிப் பிடித்துக்கொள்ளும்.) பிளேடு இளகிவிட்டது. லொட லொட மட்டும் போகவில்லை.

ஈசிசேரிலிருந்து அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்கவில்லை.

"ஏண்டா, தறியில சத்தம் வந்தா தறியையா அடிப்போம்? ஒவ்வொண்ணா நிறுத்திப் பாரு. எதை நிறுத்தினா சத்தம் நிக்குதோ, அதான்."

பல் குச்சியை உருவிவிட்டு ஆட்டினேன். சத்தம். பெரிய பிளேடைத் திறந்து வைத்து ஆட்டினேன். சத்தம். சின்ன பிளேடு, டப்பா திறப்பான்... சத்தம். கத்தரியைத் திறந்து, அதன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து ஆட்டினேன்.

கப்சிப்!

கத்தரியின் கைகளுக்கு நடுவே கண் இமை மாதிரி வளைந்த ஒரு தகடு உண்டு. அழுத்தினால் மடங்கும், விட்டால் விரித்துத் தள்ளும். அந்த வில் முறிந்து பாதியைக் காணோம். தள்ளிப் பிடிக்க ஆளில்லாத கை உள்ளே கிடந்து ஆடுகிறது. அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் பாவம், ரிவிட்டு நாலு அடி வாங்கியது!

இந்தக் கத்தியின் பூர்வீகம் ஸ்விட்சர்லாந்தில் ஈபாக் என்ற ஊர். கார்ல் எல்ஸனர் என்பவர் 1891-ல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். 1897-ல் கார்க் திருகி வைத்த அதிகாரிகள் கத்தி வந்தது. 1909-ல் அம்மா விக்டோரியா இறந்தபோது அவர் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். பிறகு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது. கத்தரி வில் தனியாகவே விற்கிறார்கள். செல்லில் ஆர்டர் போடப் போனேன்.

"இரு" என்றார் அப்பா. "பரண்ல பண்ணை இருக்கு, எடு."

பண்ணை என்றால் பாவு நூல்களை வரிசையாகப் பிரித்து நிறுத்தும் சீப்பு. வெளியூர்களில் அச்சு என்பார்கள். அதன் பற்கள் மெல்லிய எஃகுத் தகடுகள். வளைத்தால் துள்ளி நிமிரும்.

தறியைப் பிரித்த நாளிலிருந்து அப்பா அந்தச் சாமான்கள் பக்கம் திரும்பியதில்லை. "வேணாங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள் அம்மா. எனக்கும் தொண்டையில் என்னவோ செய்தது. பல் போன பண்ணையில் யார் நெய்வது?

பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். விரலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு முறை தடவினார். நடுவில் கையே வைக்கவில்லை. கடைசி ஓரத்தில் கட்டு நூலைப் பிரித்து நாலே நாலு பல்லை உருவினார். மறுபடி இறுக்கிக் கட்டினார். நடுங்குகிற அதே கைதான். முடிச்சு விழுந்துவிட்டது.

"ஓரத்துல போனா அகலம் ஒரு நூல் குறையும். அவ்வளவுதானே" என்றார், யாரும் கேட்காமலே.

முதல் பல் வளைக்கும்போதே 'படக்'. இரண்டாவது நின்றது, ஆனால் கத்தரியை விரிக்கத் தெம்பு போதவில்லை. மிச்ச இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்து வளைத்து, என் மனைவி நகம் ராவும் அரத்தில் முனை தேய்த்து (அவளுக்கு இதைப் படித்துத்தான் தெரியும்), பழைய வில் இருந்த பள்ளத்தில் செருகினேன். கத்தரி 'க்ளிச்' என்று விரிந்தது. ஆட்டினேன். சத்தமே இல்லை!

அப்பா என் சட்டைப் பொத்தானில் தொங்கிய நூலைக் கிள்ளிப் பார்த்தார். தலையாட்டினார். கத்தியைப் பையில் போட்டுக்கொண்டார். பண்ணையை வேட்டியில் சுற்றி, பரணுக்குக் கொடுக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

கால் மணி நேரம் கழித்து அம்மா வந்து பார்த்தால் ஈசிசேர் காலி. டீக்கடைக்கு ஓடினேன். டம்ளர் பாதி காலி, சர்க்கரை ஃபுல். இப்போது அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள்:

"ஏண்டா, அந்தச் சத்தத்தைத் திரும்பப் போட முடியுமா?"