'லேட்டரல், டிஸ்டல், பரைட்டல்...' - காயம் எங்கே என்பதை மெடிக்கல் ரிப்போர்ட்டில் படிப்பது எப்படி?

பைக்கில் இருந்து விழும்போது கையை ஊன்றியவரின் எக்ஸ்ரே ரிப்போர்ட்டில், 'ஃபிராக்சர், லெஃப்ட் டிஸ்டல் ரேடியஸ்' என்று ஒரு வரி இருக்கலாம். 'மணிக்கட்டுகிட்ட எலும்பு முறிஞ்சிருக்கு' என்று டாக்டர் வாயால் சொன்னதும் இதைத்தான். பிறகு ஏன் இவ்வளவு சுற்றி வளைத்து எழுதுகிறார்கள்?

ஒரே ஒரு நிலை

கையைத் திருப்பினால் மேலே இருந்த காயம் கீழே போய்விடும். அதனால் மருத்துவத்தில் ஒரு பொது நிலை வைத்திருக்கிறார்கள். நேராக நின்று, முன்னால் பார்த்து, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கை முன்பக்கம் தெரிய நிற்பது. இதுதான் 'அனடாமிக்கல் பொசிஷன்'. நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும், இப்படி நிற்பதாக வைத்தே காயத்தைக் குறிப்பார்கள்.

எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?

* ஆன்டீரியர் - முன்பக்கம். போஸ்டீரியர் - பின்பக்கம்.
* சுப்பீரியர் - தலையை நோக்கி. இன்ஃபீரியர் - பாதத்தை நோக்கி.
* மீடியல் - உடலின் நடுக்கோட்டை நோக்கி; லேட்டரல் - அதிலிருந்து விலகி. எனவே கையில் கட்டைவிரல் பக்கம் லேட்டரல், சுண்டுவிரல் பக்கம் மீடியல்.
* பிராக்சிமல் - கை, கால் உடலோடு சேரும் இடத்துக்கு அருகில். டிஸ்டல் - அங்கிருந்து தள்ளி. ரேடியஸ் என்பது முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு. அதன் டிஸ்டல் முனை மணிக்கட்டு அருகே வரும்.
* தலையில்: ஃபிரான்டல் - நெற்றிப் பகுதி, பரைட்டல் - உச்சந்தலையின் இரு பக்கங்கள், டெம்போரல் - பொட்டு, காதை ஒட்டிய பகுதி, ஆக்சிபிட்டல் - பின்மண்டை.

யாருடைய இடது?

எப்போதும் நோயாளியின் இடது, வலதுதான். சி.டி. ஸ்கேன் படத்தில் வழக்கமாக நமக்கு இடப்பக்கம் தெரிவது நோயாளியின் வலப்பக்கம். எதிரில் ஒருவர் நிற்பதுபோல நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

அளவு மட்டும் போதுமா?

எங்கிருந்து அளந்தார்கள் என்பதும் முக்கியம். 1963-ல் சுட்டுக்கொல்லப்பட்ட அமெரிக்க அதிபர் கென்னடியின் பிரேதப் பரிசோதனை அறிக்கை, முதுகுக் காயத்தை வலது தோள் எலும்பு முனையில் இருந்து 14 செ.மீ., வலது காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு முனைக்குக் கீழே 14 செ.மீ. என்று குறித்தது. தலை திரும்பினால் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பும் நகரும். அப்படியானால் 14 செ.மீ. என்பது எங்கே? பின்னர் ஆராய்ந்த தடயவியல் நிபுணர்கள் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினர். காயத்தின் சரியான இடம் பற்றிய சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது.

நாம் என்ன செய்யலாம்?

விபத்தில் சிக்கியவருக்கு அரசு மருத்துவமனையில் போடும் ஏ.ஆர். பதிவு, பின்னாளில் போலீஸ் வழக்கிலும் இழப்பீட்டு வழக்கிலும் ஆவணமாகும். அதில் 'ரைட்', ஸ்கேனில் 'லெஃப்ட்' என்று இருந்தால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். காப்பி கைக்கு வந்ததும் பக்கம், பகுதி இரண்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். திருத்தி, கையெழுத்துப் போட வேண்டியது அவர்தான். நீங்களே பேனாவை எடுத்து அடித்து எழுதிவிடாதீர்கள்.