பாசறையில் ஒரு பரிவீரன்

குதிரைப்படை என்றதும் உருவிய வாளும் புழுதிப் படலமுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் பரிவீரன் ஒருவனைப் பாசறையில் சென்று காண்போமாயின், அவன் கையில் குதிரை தேய்க்கும் பிரஷும் இரும்புச் சீப்புமே பெரும்பாலும் இருக்கக் காண்போம்.

விடியலில் எக்காளம் ஒலிக்கும். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் வீரன் குதிரைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் இடத்திற்கு விரைவான். முதலில் குதிரைக்குத் தீனி. பிறகு அதன் உடலைத் தேய்த்துவிட்டு, குளம்பில் சிக்கிய கல்லையும் சேற்றையும் அகற்றவேண்டும். அதன் பின்னரே அவனுக்குக் காப்பியும், உப்பிட்ட பன்றி இறைச்சியும், கல்லென இறுகிய பிஸ்கோத்தும். தண்ணீர் காட்ட ஓர் எக்காளம், மாலையில் மீண்டும் குதிரைப் பணிக்கு ஓர் எக்காளம். இடையே கவாத்து, விறகு வெட்டுதல், காவல். சேணம் பூட்டப் பணிக்கும் ஒலிக்கு ஆங்கிலத்தில் 'பூட்ஸும் சேணமும்' என்று பெயர். 'சேணம் பூட்டு' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் ஆங்கிலேயர் செவியில் பிறழ்ந்து விழுந்ததால் வந்த பெயராம் இது. காலணிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இஃது ஓரளவு ஆறுதலே.

வட மாநிலங்களின் படையில் ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு விதிக்கப்பட்ட தீனி 14 ராத்தல் உலர்புல், 12 ராத்தல் தானியம். ஆயிரம் குதிரைகள் உள்ள முகாமுக்கு நாள்தோறும் 26,000 ராத்தல் வந்து சேரவேண்டும்! தீனி வண்டிகள் சேற்றில் புதைந்த நாள்களில் விதி ஏட்டளவில் நின்றது. குதிரைகள் மரப்பட்டையைக் கடித்தன.

தென் மாநிலங்களின் வீரன் நிலை இன்னும் இக்கட்டானது. அவன் தன் சொந்தக் குதிரையுடனேயே படையில் சேரவேண்டும். அதற்கு அரசு தந்த வாடகை நாளொன்றுக்கு 40 சென்ட். குதிரை போர்க்களத்தில் மாண்டால், முன்பே மதிப்பிட்ட விலை கிடைக்கும். நோயால் வீழ்ந்தாலோ, ஓடி ஓடித் தளர்ந்தாலோ, பகைவர் கைப்பட்டாலோ காசில்லை. பணத்தின் மதிப்பு குறையக் குறையக் குதிரையின் விலையோ ஏறிற்று. வேறு குதிரை தேட அவனை விடுப்பில் வீட்டுக்கு அனுப்புவதுண்டு. கிடைக்காதவன் காலாட்படைக்கு மாற்றப்படலாம். ஆகவே குளம்பில் ஒரு சிறு புண் கண்டாலும் அவனுக்கு உறக்கம் ஏது?

இரவில் விளக்கணைக்கும் எக்காளம் முழங்கும். அமெரிக்க இராணுவச் சவ அடக்கங்களில் இன்றும் இசைக்கப்படும் அம்மெட்டு, 1862 ஜூலையில் வர்ஜீனியாவில் இருந்த வடவர் பாசறையில் தளபதி பட்டர்ஃபீல்டு வகுத்தமைத்தது. அது ஓய்ந்ததும் கூடாரங்கள் இருண்டுவிடும். குதிரைகளின் அருகே காவல் முறை ஏற்றவன் மட்டும், கயிறு அறுத்துக்கொண்டு ஏதேனும் ஓடுகிறதா என்று பார்த்தவண்ணம் நடந்துகொண்டிருப்பான்.