கூகைக்குப் பால் ஊத்தாதீங்க

போன மழைக்காலத்துல ஒருநாள் காலைல, சுசீந்திரம் பக்கம் வயலோரமா காக்கா கூட்டம் ஒரே சத்தம். போய்ப் பார்த்தா, தரையில ஒரு கூகை. வெள்ளை முகம், ஒரு இறக்கை தொங்கிக் கிடக்கு. "வீட்டுக்கு ஆகாது, தொடாத மக்கா"ன்னாரு ஒரு பாட்டா. நான் பால் வாங்க ஓடினேன். உயிர் போற நேரத்துலதான் வாயில பால் ஊத்துவாங்க. தெரியாமலே நானும் அதைத்தான் செய்யப் பார்த்திருக்கேன்.

பறவைக்குப் பால் செரிக்காது. தண்ணியும் ஊத்தக்கூடாது. நாக்குக்குப் பின்னாலயே மூச்சுக்குழாய் வாசல் இருக்கு. உள்ள போனா மூச்சு அடைச்சிடும்.

அப்போ என்ன செய்யணும்? கனமான துண்டு போட்டு மூடித் தூக்குங்க. அலகைவிடக் கால் நகம்தான் ஆபத்து. காத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில வச்சு மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்துல வைங்க. உடனே வனத்துறைக்குச் சொல்லுங்க. மாவட்ட வன அலுவலகம் நாகர்கோவில்லயே இருக்கு. வீட்டுல வச்சு வளர்க்கிறது 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எலும்பு கூடிட்டா பறக்க விட்டுடலாமா? அதுதான் இல்ல. கூகைக்கு ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இருக்காது. அதனால சத்தம் எங்கிருந்து வருதுன்னு துல்லியமா கண்டுபிடிச்சு, கும்மிருட்டுலயும் எலியைப் பிடிக்கும். இறக்கையோட முன் ஓரத்துல சீப்புப் பல் மாதிரி இருக்குறதால பறக்கிற சத்தமும் கேட்காது. அந்த இறகு சிதைஞ்சா சத்தம் வரும், எலி ஓடிடும், கூகை பட்டினி. மனுஷன் கையிலயே வளர்ந்த குஞ்சுன்னா இன்னும் கஷ்டம். தன் இனத்தையே அதுக்கு அடையாளம் தெரியாம போகலாம்.

அதனால, பெரிய கூண்டுக்குள்ள பறக்கவிட்டு, இறகு சத்தம் போடுதா, தானா இரை பிடிக்குதான்னு பார்த்த பிறகுதான், பொழுது சாயுற நேரம், முடிஞ்சவரை கண்டெடுத்த இடத்துக்குப் பக்கத்துலயே விடணும். நம்ம பாஷைல சொன்னா, டெஸ்டிங் முடியாம ரிலீஸ் கிடையாது.

வனத்துறைக்காரங்க வர்ற வரைக்கும் பெட்டியைத் திறந்து ஒரு போட்டோ எடுக்கணும்னு எனக்குக் கை துறுதுறுன்னு இருந்துச்சு. வேட்டையாட வந்த மிருகத்தைப் பார்க்குற மாதிரிதான் அது நம்மளப் பார்க்கும். அந்தப் பயமே அதோட உயிரை எடுத்துடலாம். நான் திறக்கல. அன்னைக்கு நான் செஞ்ச உருப்படியான வேலை அதுதான்.