குருதி வழி – 14: கொக்கி இழந்த நரம்பு

பெருந்தமனி வளைவின் முகட்டுக்குப் போன வாரமே ஏறிவிட்டோம். வலப்பக்கப் பொதுத் தண்டு, இடக் கழுத்துத் தமனி, இடக் கைத் தமனி என்று மூன்று கிளைகள். இந்த வாரம் ‘மாட்டு வளைவு’ என்னும் அமைப்பைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் டேவிட் பேஃபோர்டைப் படித்த பிறகு வேறெதிலும் மனம் போகவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மருத்துவர் அவர். பல்லாண்டுகளாக விழுங்கச் சிரமப்பட்ட ஒரு பெண், அறுபது கடந்த வயதில் உணவு இறங்காமலே மெலிந்து இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது வலக் கைக்குப் போகும் தமனி அதன் இடத்தில் இல்லை. பொதுத் தண்டிலிருந்து பிரிய வேண்டியது, இடக் கைத் தமனியையும் தாண்டி நான்காவது கிளையாகப் புறப்பட்டு, உணவுக்குழாயைக் குறுக்கே கடந்து வலப்பக்கம் போயிருந்தது. 1794-இல் அச்சான கட்டுரையில் இதை அவர் இயற்கையின் விளையாட்டு என்றார். அதற்கான லத்தீன் சொல்லிலிருந்துதான் ‘லூசோரியா’ தமனி என்ற பெயர். கவளத்துக்குக் கவளம் அஞ்சி வாழ்ந்த அந்தப் பெண்ணுக்கு அது விளையாட்டாக இருந்திருக்காது.

நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்த அமைப்பு உண்டு. பெரும்பாலோருக்கு உணவுக்குழாயின் பின்னால் ஓடுகிறது. ஆயுள் முழுக்கத் தெரியாமலே போய்விடும்.

என்னைப் பிடித்துக்கொண்டது தமனியைவிட அதன் பக்கத்து நரம்பு. குரல்நாணை இயக்கும் நரம்பு, குரல்வளையைத் தாண்டிக் கீழே இறங்கி, இடப்பக்கம் பெருந்தமனி வளைவையும் வலப்பக்கம் கைத் தமனியையும் சுற்றிக்கொண்டு திரும்ப மேலேறுகிறது. ஒட்டகச்சிவிங்கியில் இந்த இடப்பக்க நரம்பு நான்கு மீட்டரைத் தாண்டும்! உடற்கூறு அறையில் எங்கள் பேராசிரியர் வெள்ளை நூலைத் தன் விரலில் மாட்டி இழுத்துக் காட்டியபோது விளங்கியது. கருவில் கழுத்து கிடையாது. தொண்டையை ஒட்டியே இதயம். நரம்பு அங்கிருக்கும் தமனி வளையங்களுக்கு அடியில் நேராகத்தான் போகிறது. பிறகு கழுத்து நீள்கிறது, இதயம் மார்புக்குள் இறங்குகிறது, தமனி நரம்பையும் கூடவே இழுத்துப் போகிறது. வலப்பக்கத்தில் அந்தக் கொக்கி நான்காம் வளையம். அது கருவிலேயே அழிந்துவிட்டால் கைக்கான ரத்தம் பின்பக்க வழியைப் பிடிக்கிறது, அதுவே லூசோரியா. இழுக்கக் கொக்கி இல்லாத நரம்போ கழுத்திலிருந்து நேராகக் குரல்வளைக்குள் போய்விடுகிறது.

இப்படிச் சுற்றாமல் போகும் நரம்பை 1823-இல் ஸ்டெட்மன் என்பவர் பதிவு செய்தார். தைராய்டு அறுவை செய்பவர் இதை மறக்கவே கூடாது. மூச்சுக்குழாய் ஓரம் கீழிருந்து ஏறிவரும் நரம்பைத் தேடுவார்; கிடைக்காது. குறுக்கே கிடக்கும் வெண்ணிழையை ரத்தக்குழாய் என்று கட்டி வெட்டினால் குரல் போகும். பாடகர், ஆசிரியர், தெருவில் காய் விற்பவர் என்று யாராகவும் இருக்கலாம். அறுவைக்கு முன் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்து, வலப்பக்கப் பொதுத் தண்டு இரண்டாகப் பிரியும் இடம் தெரிகிறதா என்று பார்த்தாலே முன்கூட்டிச் சந்தேகிக்க முடியும். சில நிமிட வேலை.

மாடு அடுத்த வாரம். மாட்டின் வளைவிலிருந்து கிளம்புவது ஒரே தண்டு; மனிதரின் ‘மாட்டு வளைவு’ அப்படி இருப்பதில்லை.